உன் தங்கைக்கு நீ போட்ட பதினெட்டு சதவீதம்

தம்பி,

நீ போனை எடுக்காததால் இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எடுத்திருந்தாலும் எழுதியிருப்பேன். போனில் பேசினால் பாதியில் நீ "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இத்தனை வருடமாக நம் பேச்சுகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இந்த முறை நீ சாப்பிட்டாயா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது. அது ஆறட்டும் என்று காத்திருந்தால் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும். பிள்ளையை வளர்த்ததில் எங்கே பிசகினோம் என்று தன்னையே நொந்துகொள்ளும் தாயை இந்தக் கடிதத்தில் தேடாதே. அப்பாவும் நானும் உன்னை நன்றாகத்தான் வளர்த்தோம். செய்தது நீ.

நீ தங்கை கவிதாவுக்கு அனுப்பிய குரல் பதிவை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். "பத்திரம் எழுதுறவரு முன்னாடி அம்மா என்னையத் திருடன் ஆக்கிட்டாங்க. அவுங்களுக்கு மகதான் முக்கியம். லீஸ்ல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல, என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறாய். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் குத்தகை நடக்கும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். நடந்ததை நீ உன் மனைவியிடம் எப்படிச் சொன்னாயோ எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். உன் மகள் வளர்ந்து ஒரு நாள் இதை எடுத்துப் படித்தாலும் அவளுக்கும் புரிய வேண்டும்.

இலுப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆறு ஏக்கரை, அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தபோது, எங்கள் இருவர் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து வாங்கினார். சரளை மண். கடலை போட்டுப் பார்த்தார், உளுந்து போட்டுப் பார்த்தார். கடைசியில் எல்லாரையும் போல் தைல மரம் வைத்துவிட்டு வெட்டும்போது மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நிலம் நம் மூவருக்கும் சம பங்காக வந்தது. போன வருடம் ஒரு சோலார் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். பேரம் பேசியது நீதான். ஏக்கருக்கு வருடம் முப்பதாயிரத்தில் நின்றவர்களை முப்பத்தைந்தாயிரத்துக்குக் கொண்டுவந்தாய். இருபத்தைந்து வருடக் குத்தகை; மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஐந்து சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்பதையும் நீதான் சேர்த்தாய். மொத்தம் வருடத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், ஆளுக்கு எழுபதாயிரம். அந்தக் கம்பெனி ஆள் கிளம்பும்போது, "ஒங்க பையன் கெட்டிக்காரரு டீச்சர்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதா கீரனூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் அல்வாப் பொட்டலம். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, என் பங்க அண்ணனே எடுத்துக்கிட்டு நாலு லட்சம் தாரேங்குது. மொத்தமா, ஒரே தடவையா."

"நாலுன்னு எப்புடி வந்துச்சு?"

"கணக்குப் போட்டா மூணு லட்சத்து எம்பத்திமூணாயிரந்தான் வருதாம். அண்ணனாப் பாத்து நாலாக் குடுக்குது."

"வருஷம் எழுவதாயிரம் மேனிக்கு இருபத்தஞ்சு வருஷம். பதினேழரை லட்சம் வருமேடி."

"நானும் அதத்தாம்மா கேட்டேன். அண்ணன் சிரிச்சுச்சு. இருபது வருஷங் கழிச்சு வர்ற ரூவாயும் இன்னைக்குக் கையில இருக்குற ரூவாயும் ஒண்ணான்னு கேக்குது. இன்னைய மதிப்புன்னு ஒண்ணு இருக்காமே. வேணும்னா அம்மாவக் கேளு, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதச் சொல்லிக் குடுத்தவங்கதானேன்னுச்சு."

தம்பி, அந்த இடத்தில்தான் எனக்கு முதலில் சுருக்கென்றது. உன் கணக்குக்கு என் பெயரை ஜாமீனாக வைத்திருக்கிறாய். எத்தனை சதவீதத்துக்குப் போட்டான் என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியலம்மா. லேப்டாப்ல காட்டுச்சு, கடகடன்னு நம்பர் ஓடுச்சு" என்றாள். அவள் அல்வாவைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன். மூன்று லட்சத்து எண்பத்துமூன்றாயிரத்தை எழுபதாயிரத்தால் வகுத்தால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தைந்து வருடத்துக்கு அந்த எண் எந்த விகிதத்தில் வரும் என்று நான் பாடம் நடத்திய பழைய வணிகக் கணிதப் புத்தகத்தின் பின்னால் இருக்கும் அட்டவணையில் தேடினேன். பதினெட்டு. ஒரு தரம் போட்டது தப்பாக இருக்கும் என்று திரும்பவும் போட்டேன். பதினெட்டுதான். 

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவதே அதுதான். நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமில்லை என்பது சரி. பதினேழரை லட்சம் என்று கூட்டிச் சொல்வது தப்பு என்பதும் சரி. வகுப்பில் நானே எத்தனையோ முறை சொன்னது. ஆனால் நாளைய ரூபாயை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அந்த ஒரு எண் புத்தகத்தில் இருக்காது. காத்திருக்கிற ஆள் யார், கையில் இன்றைக்குப் பணம் கிடைத்தால் அந்த ஆள் அதை எங்கே போடுவார், என்ன கிடைக்கும் என்று கேட்டுத்தான் அதை வைக்க வேண்டும். உனக்கு ஷேரில் பதினெட்டு கிடைக்கிறதோ என்னவோ. கிடைக்கிறது என்று சொல்கிறாய். கவிதாவுக்கு டீமேட் அக்கவுண்டா இருக்கிறது? அவளிடம் நாலு லட்சம் கொடுத்தால் கீரனூர் போஸ்ட் ஆபீஸில் போடுவாள், இல்லையென்றால் பேங்கில் போடுவாள். ஏழு கிடைக்கும். கம்பெனி ஏதாவது ஒரு வருடம் வாடகையை இழுத்தடிக்கலாம் என்று பயந்து அதற்கு ஒரு சதவீதம் கூட்டினாலும் எட்டு. எட்டில் போட்டுப் பார். அவள் பங்கின் இன்றைய மதிப்பு ஏழு லட்சத்து நாற்பத்தேழாயிரம். நீ நாலு தருவதாகச் சொல்லிவிட்டு, அதிலும் பதினேழாயிரம் கூட்டிக் கொடுப்பதாக அவளை நன்றி சொல்ல வைத்திருக்கிறாய்.

இதில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை கூடும் ஐந்து சதவீதத்தை நான் சேர்க்கவில்லை. நீயும் சேர்க்கவில்லை, பேசி வாங்கியவனே நீதான் என்பதால் உனக்கு மறந்திருக்க வழியில்லை. குத்தகை முடிந்ததும் நிலம் திரும்பி வருமே, அதற்கு என்ன போட்டாய்? கவிதா கேட்டதற்கு, "இருபத்தஞ்சு வருஷங் கழிச்சு வர்றதுக்கு இன்னைக்கு மதிப்பே இல்ல" என்றாயாம். பதினெட்டு வைத்தால் அன்றைய ஒரு லட்சம் இன்றைக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாயாகச் சுருங்கிவிடும், உண்மைதான். எட்டு வைத்தால் அதே ஒரு லட்சம் பதினான்காயிரத்து அறுநூறு. நிலத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கியது காலம் இல்லை தம்பி, நீ வைத்த விகிதம். அதே கையால்தான் மாதாமாதம் உன் பிளாட்டுக்கு எட்டரை சதவீதத்தில் வட்டி கட்டுகிறாய். பேங்க் உனக்குக் கொடுக்கும்போது எட்டரை, தங்கையிடம் வாங்கும்போது பதினெட்டு. இதைக் கணக்கு என்று என்னிடம் சொல்லாதே.

உனக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்பா ஓய்வு பெற்ற சமயம் உனக்கு நினைவிருக்கும். திருச்சியில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். பதினைந்து வருடம் கழித்துத்தான் முழுப் பென்ஷன் திரும்ப வரும். வாங்கலாமா வேண்டாமா என்று அப்பாவுக்குக் குழப்பம். "நான் போட்டுச் சொல்றேன்ப்பா" என்று நீ உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவருக்கு அப்போதே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அதிக நாள் இருந்தால் மாதாமாதம் வாங்குவது லாபம், சீக்கிரம் போய்விட்டால் மொத்தமாக வாங்குவது லாபம் என்பது உன் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்பா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உன் பின்னால் நின்றார்.

"எனக்கு எத்தன வருஷம் போட்டுருக்க?"

"பதினஞ்சுப்பா."

"அதுக்கு முன்னாடி ஏழுன்னு எழுதி அழிச்சிருக்கியே."

உன் காது மடல் சிவந்துவிட்டது. அவர் சிரித்தார். "அதையும் போட்டுப் பாருடா. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்" என்றார். நீ பேனாவை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாய். நான் வந்து பார்த்தபோது துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். "அப்பாவுக்குப் போயி ஒரு நம்பர் எழுதிட்டேம்மா" என்றாய். கடைசியில் அப்பா மொத்தமாக வாங்கவில்லை. "மாசாமாசம் வந்தா மாசாமாசம் இருக்கணும்னு தோணும்" என்று சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். மொத்தமாக வாங்கியிருந்தால்தான் கணக்குப்படி லாபம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் தன் வருடங்களை எப்படி மதிக்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். நீயும் நானும் அதை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். கவிதாவின் இருபத்தைந்து வருடத்துக்கு விலை வைக்கும்போது மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு மொத்தப் பணம் தேவை இருந்தது, நான் உதவத்தான் பார்த்தேன் என்று நீ சொல்லலாம். தேவை இருந்தது நிஜம். மாப்பிள்ளை ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். லீவு விட்டால் அவர் சம்பளம் பாதி. இவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள், உட்காரக்கூட இடமில்லாமல். கீரனூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை எடுக்க வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. நாலு லட்சம் என்றதும் அந்தக் கடைதான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, கடைக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளிடம் கேட்டாயா? நான் கேட்டேன். அல்வாவை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

அட்வான்ஸ் ஐம்பதாயிரம். பவர் மெஷின் ஒன்று, ஓவர்லாக் மெஷின் ஒன்று, அயர்ன் மேசை, லைட், போர்டு எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். கையில் இருபதாயிரம் வைத்திருக்கிறாள். ஆக வேண்டியது ஒரு லட்சத்து இருபதாயிரம். நாலு லட்சம் இல்லை. பிறகு மாதம் மாதமாகச் சொல்லச் சொன்னேன். அவள் விரலை மடக்கிச் சொன்னாள். தையில் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆள் நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கும்போது யூனிபார்ம். ஆவணியில் மறுபடி முகூர்த்தம், தீபாவளிக்கு முன்னால் தூங்க நேரம் கிடைக்காது. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் பழசைப் பிரித்துத் தைக்கவும்தான் வருவார்கள். கடை வாடகையோ மாதம் நாலாயிரத்து ஐந்நூறு, ஆடி என்று பார்க்காது.

"எங்க தெருவுல ஒரு அக்கா கட போட்டுச்சும்மா. நல்லாத்தான் ஓடுச்சு. லாபம் வருதுன்னுதான் சொல்லுச்சு. ஒரு வருஷத்துல மூடிருச்சு. லாபம் வர்ற கட எதுக்கும்மா மூடுது?" என்று கேட்டாள்.

"லாபம் வருஷக் கடைசியிலதான் தெரியும். வாடகைய ஒண்ணாந்தேதி கேப்பாங்க" என்றேன்.

 பிறகு அவளே கேட்டாள், அந்தச் சோலார்க்காரர்கள் வருட வாடகையை எந்த மாதம் தருவார்கள் என்று. நாம் கேட்கிற மாதத்தில் தருவார்கள் என்றேன். "அப்ப ஆடி பொறக்குறப்ப தரச் சொல்லுவோம்" என்றாள். மகளிர் குழுவில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன் எடுத்தால் மூன்று வருடத்துக்கு மாதம் நாலாயிரத்துக்குள் தவணை. வருடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம் ஆகாது. குத்தகைப் பணம் எழுபதாயிரம். தவணை போக மிச்சம் இருக்கிறது, மந்தமான மாதங்களின் வாடகைக்கு அது காணும். மூன்று வருடத்தில் கடன் முடியும். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அந்தப் பணம் முழுசும் அவளுடையது. கடையும் இருக்கும், நிலமும் இருக்கும். ஒரு அண்ணன் செய்ய வேண்டிய உதவி இதுதான். உன்னிடம் நிதி படித்த பட்டம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் இல்லாமல் போய்விட்டது.

பத்திர நாளன்று நான் கூட வருவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. விற்கவில்லை என்று உன்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை; நான் வந்து சொல்கிறேன் என்றேன். இலுப்பூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திரம் எழுதுபவர் கடையில் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. கவிதா தன் பங்கை உனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, "இங்கன ஒரு கையெழுத்து, அங்கிட்டு ஒண்ணு" என்று அவளுக்குப் பேனாவை நீட்டினாய். நான் உன்னைத் தனியாகத்தான் கூப்பிட்டேன். வெளியே வா என்றேன். "இங்கயே சொல்லுங்கம்மா, நேரமாகுது" என்றது நீ. திருடன் ஆக்கினேன் என்கிறாயே, அந்தக் கடைக்குள் பேச வைத்தது நீதான்.

"பதினெட்டு எதுக்குப்பா வச்ச?"

"எனக்கு ஷேர்ல அம்புட்டு வருதும்மா."

"ஒனக்கு வருது. அவளுக்கு?"

"ரிஸ்க் இருக்குல்லம்மா. கம்பெனி ஓடிப்போயிட்டா?"

"ஓடிப்போற கம்பெனின்னா அவ பங்க நீ எதுக்கு வாங்குற?"

 கவிதா அதுவரை பேனாவைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அண்ணே, ஒம் பங்கும் எம் பங்கும் ஒண்ணுதான? அப்ப ஒம் பங்கும் மூணு லட்சத்து எம்பத்திமூணாயிரந்தான பெறும். நானும் நாலு தாரேன். லோன் போட்டுத் தாரேன். நீ எனக்கு எழுதிக் குடுத்துரு."

நீ சிரித்தாய். வேறு யாரும் சிரிக்கவில்லை. பத்திரம் எழுதுபவர் கம்ப்யூட்டர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற, இது வேற" என்றாய்.

"எதுண்ணே வேற?"

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்து அவள் பேசினாள் என்று நீ உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இல்லை. அந்தக் கேள்வி எனக்கே தோன்றவில்லை. விகிதம், அட்டவணை என்று நான் சுற்றிக்கொண்டிருந்தேன்; நீ வைத்த விலைக்கு நீயே விற்பாயா என்று அவள் கேட்டுவிட்டாள். எந்தக் கணக்கையும் சோதித்துப் பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. நீ அந்த இடத்தில், "தப்புதான் தாயீ, திருத்திப் போடுவோம்" என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். அப்படிச் சொல்லாமல் நீ என் பக்கம் திரும்பி என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"ஒங்க பங்கும் இன்னும் பத்து வருஷத்துல எங்களுக்கு வர்றதுதானேம்மா. மொத்தமா ஒரே கையில இருக்கட்டும்னுதான் நான் பாக்குறேன்."

பத்து வருடம். எனக்கு இப்போது அறுபத்து நாலு. நீ தடுமாறவில்லை, அழிக்கவும் இல்லை. கொல்லைப்புறக் கல்லில் உட்கார்ந்து அழுத பையனை நான் உன் முகத்தில் தேடினேன். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்த ஒருவர்தான் தெரிந்தார். கவிதாதான் என் கையைப் பிடித்து, "வாங்கம்மா போவோம்" என்றாள். நீ வீட்டுக்குக்கூட வராமல் அப்படியே திருச்சி ரோட்டில் போய்விட்டாய். உனக்கென்று வைத்த விரால் மீன் குழம்பை இரண்டு நாள் சுட வைத்து நானே சாப்பிட்டேன். உன் மேல் உள்ள பாசத்தில் கொட்டாமல் வைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே; விலை கொடுத்து வாங்கிய மீன்.

இப்போது உன் குரல் பதிவுக்குப் பதில் சொல்கிறேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். மகள்தான் முக்கியம் என்கிறாய். அவள் உன்னிடம் இதையே செய்திருந்தால், அந்தக் கடையில் உன் பக்கம் நின்று அவளிடம் பேசியிருப்பேன். என் பங்கை இப்போதே உன் பெயருக்கு எழுதி உன்னைச் சமாதானம் செய்வேன் என்று எதிர்பார்த்தால், அது நடக்காது. கோபத்தில் அவளுக்கு எழுதிவிடவும் மாட்டேன். என் எழுபதாயிரத்தை நானே வாங்குவேன், நானே செலவழிப்பேன். முழங்கால் வலிக்கு நல்ல டாக்டராகப் பார்க்கப் போகிறேன். காசிக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை வருடம் அப்படிச் செலவழிப்பேன் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

குத்தகையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாய். போடாதே. நாம் இழுத்தடித்தால் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிக்கொள்வதாகக் கம்பெனி ஆள் சொல்லிவிட்டார். போனால் உனக்கும் வருடம் எழுபதாயிரம் போகும். அதை நீ தாங்கிக்கொள்வாய். உன் சம்பளத்தில் அது ஒரு மாதக் காசு. கவிதாவுக்கு அது கடையின் தவணை. அவள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள், மெஷின் வந்து இறங்கிவிட்டது. நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் கடையைத் திறக்கத்தான் போகிறாள். போடாவிட்டால் தவணைக்கும் ஆடி மாத வாடகைக்கும் என் பென்ஷனிலிருந்து கொடுப்பேன். உன் ரோஷத்தால் அவள் கடை நிற்காது. ஆனால் அண்ணன் துணையோடு கடை நடந்தது என்பதற்கும், உன்னையும் மீறி நடந்தது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அது பணத்தில் தெரியாது. அவள் பிள்ளைகள் உன்னை மாமா என்று கூப்பிடும் குரலில் தெரியும்.

நீ கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன், வக்கீலைப் பார்த்திருப்பேன். நீ வேலை பார்க்கும் இடத்தில் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே எண்களைத் தட்டிப் பழகிவிட்டாய். அங்கே அது சரியாகக்கூட இருக்கலாம். எதிரில் இருப்பவரும் தன் கணக்கோடு வந்து உட்கார்ந்திருப்பார். நீ பதினெட்டு என்றால் அவர் ஆறு என்பார், நடுவில் எங்கேயோ முடியும். கவிதா கணக்கோடு வரவில்லை. அண்ணன் போட்டால் சரியாக இருக்கும் என்று வந்தாள். அப்படி வருகிறவளிடம் பேரம் பேசுவது போலப் பேச உனக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாளைக்கு உன் மகள் உன்னிடம் வந்து, "அப்பா, எனக்கு இதப் போட்டுச் சொல்லு" என்று நிற்பாள். அவளுக்கு என்ன விகிதம் வைப்பாய் என்று யோசித்துப் பார். யோசித்துவிட்டு அதையே உன் தங்கைக்கும் வை.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் புதுக்கோட்டைக்கு வருகிறார்கள். கவிதாவும் நானும் போகிறோம். நீ வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே காரில் ஏறிவிடக் கூடாது. அவளோடு உட்கார வேண்டும். அவள் பங்கை உனக்கு விற்கவே வேண்டாம். ஆனால் அதன் மதிப்பு என்ன என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அதை நீதான் போட்டுக் காட்ட வேண்டும். லேப்டாப் வேண்டாம். தாளில், ஒவ்வொரு வரியாக, அவளுக்குப் புரிகிற வேகத்தில் போடு. கூடுகிற ஐந்து சதவீதத்தையும், திரும்பி வருகிற நிலத்தையும் சேர்த்துப் போடு. எத்தனை சதவீதம் என்ற இடம் வரும்போது நிறுத்து. அதை அவள் சொல்வாள். நீ பெருக்கிக் காட்டினால் போதும்.

அம்மா